வாழ்த்து மடலுக்கு ஒரு தாங்கி: உறையிலிருந்து தொடங்கும் கணக்கு

புத்தகக் கடைகளுக்கு வாழ்த்து மடல் தாங்கிகள் செய்து கொடுப்பது என் தொழிலில் ஒரு சிறு பகுதிதான். ஆனால் என் மனம் அதிகம் ஊன்றி நிற்கும் பகுதியும் அதுவே. கிளிநொச்சி, மாங்குளம், முல்லைத்தீவு, வவுனியா என்று இலங்கையின் வடக்கே உள்ள வன்னியின் கடைகளில் நான் காணும் தாங்கிகள் பெரும்பாலும் கொழும்பிலிருந்து வந்த அக்ரிலிக் தட்டுகள், அல்லது அவற்றைப் பார்த்து இங்கேயே வளைத்தும் ஒட்டியும் செய்யப்பட்டவை. கண்ணாடிக் கதவும் குளிரூட்டியும் உள்ள கடையை மனத்தில் வைத்து வரையப்பட்ட அந்தத் தட்டுகளை, முன்புறம் முழுவதும் தெருவுக்குத் திறந்து கிடக்கும் எங்கள் கடைகளில் கொண்டுவந்து வைத்தால், தென்மேற்குக் காற்று வீசும் சோளகக் காலத்தில் புழுதி படிந்து மடல்கள் மங்குகின்றன. மாரி தொடங்கியதும் அவை வளைந்து முன்னே சரிகின்றன. தமிழ் வாழ்த்துகள் தட்டின் விளிம்புக்குப் பின்னால் ஒளிந்துகொள்கின்றன. இவற்றை மடலின் தரக்குறைவு என்று கடைக்காரர்கள் எண்ணிக்கொள்கிறார்கள். தாங்கியைச் சரியாக வரைந்தால் இவற்றில் பெரும்பாலானவற்றைத் தடுத்துவிடலாம் என்பதே நான் இங்கே சொல்ல வருவது.

வாழ்த்து மடல் திறந்த தாங்கியில் வைத்து விற்கப்படத் தொடங்கியது அவ்வளவு பழைய வழக்கமன்று. 1843ஆம் ஆண்டில் லண்டனில் ஹென்றி கோல் என்பவர், ஜோன் கல்கொட் ஹோர்ஸ்லி என்ற ஓவியரைக் கொண்டு வரைவித்து, ஆயிரம் பிரதிகள் அச்சிட்டு, ஒரு ஷில்லிங் விலைக்கு விற்ற நத்தார் மடலே வணிக நோக்கில் வெளிவந்த முதல் நத்தார் வாழ்த்து மடலாகக் கருதப்படுகிறது. அதற்குப் பிறகும் பல பத்தாண்டுகள் மடல்கள் கடைக்காரரின் மேசைக்குப் பின்னால், லாச்சிகளுக்குள்ளேயே கிடந்தன. வாங்க வந்தவர் தேவையைச் சொல்ல, கடைக்காரர் தனக்குத் தோன்றிய நாலைந்தை எடுத்து நீட்டுவார். 1910இல் அமெரிக்காவின் கன்சாஸ் நகரில் தொழில் தொடங்கிய ஹோல்மார்க் நிறுவனம்தான் 1930களில், மடல்களை வாடிக்கையாளரின் கண்மட்டத்துக்குக் கொண்டுவந்து நிறுத்தும் தாங்கிகளைப் பெரிய அளவில் பரப்பியது. வன்னியின் சிறு சந்திகளில் இன்றும் மடல்கள் கண்ணாடிப் பெட்டிக்குள்ளோ, லாச்சிக்குள்ளோ அடுக்கியே வைக்கப்பட்டிருக்கின்றன. புழுதிக்குப் பயந்து அப்படிச் செய்கிறார்கள். அந்தப் பயம் நியாயமானது. ஆனாலும் தன் ஆசிரியைக்கு ஒரு மடல் வாங்க வரும் பத்து வயதுப் பிள்ளை, கடைக்காரரிடம் ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டும்படி கேட்கக் கூச்சப்பட்டு, முதலில் நீட்டப்பட்டதையே வாங்கிக்கொண்டு போவதைப் பார்க்கும்போது, திறந்த தாங்கிக்கான தேவை இங்கேதான் அதிகம் என்று எனக்குத் தோன்றும்.

அளவுக்கு வருகிறேன். தாங்கி செய்யச் சொல்பவர்கள் வழக்கமாக ஒரு மடலைத் தந்து, இது நிற்க வேண்டும் என்பார்கள். நான் உறையைக் கேட்பேன். ஒரு ஏ5 தாளை நடுவில் மடித்தால் வரும் ஏ6 மடலின் அளவு 105க்கு 148 மில்லிமீற்றர். அதற்குரிய சி6 உறையின் அளவோ 114க்கு 162. மடலும் உறையும் சேர்ந்தேதான் தட்டில் நிற்கின்றன. ஆகவே தட்டின் அகலம் உறையின் அகலத்தோடு ஓர் ஆறு மில்லிமீற்றர் சேர்த்து 120 ஆக வேண்டும். அந்த ஆறு மில்லிமீற்றர் விரலுக்கான இடமன்று, உறையின் ஓரம் உராயாமல் மேலே வருவதற்கான இடம். அதைக் குறைத்தால், மடலை எடுக்கும் ஒவ்வொரு முறையும் உறையின் கீழ்மூலை மடங்கும். கூட்டினால், தனியே நிற்கும் மடல் ஒரு பக்கமாகச் சாயும். ஐந்துக்கு ஏழு அங்குல மடல்களும் இங்கே நிறைய வருகின்றன; அவை 127க்கு 178 மில்லிமீற்றர், உறையோடு இன்னும் சற்றுப் பெரியவை. இந்த இரண்டுக்கும் ஒரே அகலத்தில் தட்டுப் போடுவது எனக்கு உடன்பாடில்லை. நீளமான ஒரே தட்டைப் போட்டு, அதன் அடியில் பத்து மில்லிமீற்றருக்கு ஒன்றாக வாள்வெட்டுப் போட்டு, மெல்லிய தடுப்புகளை வேண்டிய இடத்தில் செருகிக்கொள்ள விடுவதே நல்லது. அப்போது பொங்கலுக்கு வரும் சிறிய மடலுக்கும், திருமணத்துக்கு வாங்கும் பெரிய மடலுக்கும் அதே தட்டு இடம் கொடுக்கும்.

ஆழம் பற்றி ஒரு கணக்கு. 300 ஜிஎஸ்எம் (சதுர மீற்றருக்கு 300 கிராம்) அட்டை ஒன்றின் தடிப்பு ஏறத்தாழ 0.4 மில்லிமீற்றர், மடித்தால் இரண்டு மடங்கு, உறையையும் சேர்த்தால் ஒரு மடல் சுமார் 1.2 மில்லிமீற்றர் இடத்தைப் பிடிக்கும். பன்னிரண்டு மடல்களுக்குப் பதினைந்து மில்லிமீற்றர் போதும் என்று கணக்குச் சொல்லும். ஆனால் நாடா ஒட்டியவை, பூ புடைத்தவை, திறந்தால் பாட்டுப் பாடுபவை எல்லாம் இந்தக் கணக்குக்குள் அடங்கா என்பதால் 25 மில்லிமீற்றர் விடுகிறேன். அதற்கு மேல் ஆழம் கொடுத்தால் கடைக்காரர் இருபது, முப்பது என்று திணித்துவிடுவார். பிறகு முன்னால் நிற்கும் மடலைப் பிடித்து இழுத்தால் பின்னால் நிற்பதும் கூடவே வரும். தட்டு எவ்வளவு கொள்ளும் என்பதைத் தட்டே சொல்ல வேண்டும்.

இனி நான் மிகவும் அக்கறை கொண்ட விடயம்: மடலின் முகத்தில் எவ்வளவு தெரிகிறது என்பது. வெளிநாட்டுத் தாங்கிகளில் தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று நெருக்கமாக ஏறியிருக்கும். பின்வரிசை மடலின் மேற்பகுதி மூன்றில் ஒரு பங்கு மட்டுமே முன்வரிசைக்கு மேலாகத் தெரியும். அந்த நாடுகளில் மடல் வரைபவர்களுக்கு இது தெரியும். பிறந்தநாளா, நன்றியா, அனுதாபமா என்பதைச் சொல்லும் எழுத்தை அவர்கள் மேல் மூன்றில் ஒரு பங்குக்குள்ளேயே வைத்துவிடுவார்கள். மடலும் தாங்கியும் ஒன்றையொன்று அறிந்து வளர்ந்தவை என்று இதைக் கொள்ளலாம். எங்கள் அச்சகங்களில் வரும் பொங்கல் மடலைக் கையில் எடுத்துப் பாருங்கள். மேலே சூரியன், அதன் இரு மருங்கிலும் கரும்பு, நடுவில் பொங்கி வழியும் பானை, அதன் கீழே கோலம், எல்லாவற்றுக்கும் அடியில்தான் வாழ்த்து. இதைப் படியேறும் தட்டில் வைத்தால் என்ன தெரியும்? ஒரே சூரியனும் கரும்பின் தோகையும்தான். பத்து வகை மடல்கள் இருந்தாலும் பத்தும் ஒன்றுபோலவே தெரியும். வாங்க வந்தவர் ஒவ்வொன்றாக உருவிப் பார்த்துவிட்டுத் திரும்பச் செருகுவார். இரண்டு நாளில் உறைகளின் மூலைகள் எல்லாம் நொந்துபோகும்.

இதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, முழு முகமும் தெரியும்படி தட்டுகளை இடைவெளி விட்டு அமைப்பது. சி6 உறையின் உயரம் 162 என்பதால், ஒரு தட்டுக்கும் அடுத்ததற்கும் இடையே 180 மில்லிமீற்றர் வேண்டும். ஒரு மீற்றர் உயரத்தில் ஐந்து வரிசைதான் வரும். அறுபது சென்ரிமீற்றர் அகலத்தில் வரிசைக்கு ஐந்து என்றால், மொத்தம் இருபத்தைந்து வகைகள். அதே இடத்தில் அறுபது மில்லிமீற்றர் மட்டும் தெரியும்படி நெருக்கினால் பதினான்கு வரிசை, எழுபது வகைகள் வரும். இந்த எழுபதைக் கேட்டதும் கடைக்காரர்கள் மயங்கிவிடுகிறார்கள். ஆனால் மார்கழி, தை தவிர்ந்த மாதங்களில் எழுபது வகை மடல்களை வாங்கி வைக்கக்கூடிய கடை வன்னியில் எத்தனை? காலியான தட்டுகள் நிறைந்த தாங்கி, கடை நொடிந்துபோய்விட்டது என்ற எண்ணத்தையே தரும். ஆகவே மேல் இரண்டு வரிசையில் தமிழ் மடல்கள் முழு முகத்தோடும், கீழே ஆங்கில மடல்கள் பாதி முகத்தோடும் நிற்கும்படி அமைப்பதையே நான் பரிந்துரைக்கிறேன்.

இரண்டாவது வழி, அச்சகத்தாரோடு பேசுவது. வாழ்த்து வரியை மேலே ஏற்றி, சூரியனைச் சற்றுக் கீழே இறக்கினால் படத்துக்கு எந்தக் குறையும் வராது. எனக்குத் தெரிந்த அச்சகத்தார் ஒருவர் இதைக் கேட்டுவிட்டு, தன் கணினியில் அப்போதே ஒரு மடலைத் திருத்திக் காட்டினார். தாங்கி செய்பவரும் மடல் அச்சிடுபவரும் ஒருவரோடொருவர் பேசாமலே இவ்வளவு காலமும் தொழில் செய்துவந்திருக்கிறோம் என்பது எனக்கு வருத்தம் தருகிறது.

முன்விளிம்பும் இதே கதைதான். மரப்பலகையிலோ தகட்டிலோ விளிம்பு வைத்தால், அடியில் உள்ள வாழ்த்து மறைந்துவிடும். ஆகவே விளிம்புக்கு மட்டும் இரண்டு மில்லிமீற்றர் தெளிந்த அக்ரிலிக் பட்டியை நான் பயன்படுத்துகிறேன். அதன் உயரம் 35 மில்லிமீற்றர். அதற்குக் குறைந்தால், பொலித்தீன் உறையிட்ட மடல்கள் வழுக்கி வெளியே பாயும்; அந்த உறைகளுக்குப் பிடிமானமே கிடையாது. பட்டியின் மேல் ஓரத்தை அரத்தாளால் மழுக்கி விடுவது கட்டாயம். வெட்டிய அக்ரிலிக் ஓரம் கூர்மையானது, உறையையும் கீறும், பிள்ளைகளின் விரலையும் கீறும்.

சாய்வைப் பொறுத்தவரை, பின்புறமாகப் பதினைந்து பாகை என்பதே என் அளவு. அந்தச் சாய்வில் 162 மில்லிமீற்றர் உறை பின்னோக்கி 42 மில்லிமீற்றர் இடத்தை எடுக்கும். இருபத்தைந்து பாகைக்குக் கொண்டுபோனால் 68 மில்லிமீற்றர் ஆகும். இடம் மட்டுமல்ல, சாய்வு கூடக் கூட மடலின் முகம் மேல்நோக்கித் திரும்பி, புழுதி படியும் தட்டாகவே மாறிவிடும். கூரையில் எரியும் குழல் விளக்கும் பளபளக்கும் மேற்பரப்பில் தெறித்துப் படத்தை மறைக்கும். நிமிர்த்தி வைத்தாலோ காற்றாடியின் காற்றுக்கே மடல் முன்னே விழும்.

மாரிக்கால வளைவைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத வேண்டும், ஏனெனில் அதைப் பற்றித்தான் அதிக முறைப்பாடு வருகிறது. ஐப்பசி தொடங்கி மார்கழி வரை வன்னியில் மழையும் வாடையும் மாறி மாறி வரும். மடலின் வெளிமுகம் பளபளப்புப் பூச்சு பெற்றது. உள்முகம் வெறும் அட்டை. காற்றிலுள்ள ஈரத்தைப் பூச்சுள்ள பக்கம் உள்ளே விடாது, வெறும் பக்கம் உறிஞ்சி விரியும். ஒரு பக்கம் விரிந்து மறுபக்கம் அப்படியே நின்றால், அட்டை பூச்சுள்ள பக்கத்தை நோக்கி வளையும். அதனால்தான் முன்தாள் வெளியே பிரிந்து, மடல் வாயைத் திறந்துகொண்டு நிற்கிறது. இந்த வளைவு எந்தத் திசையில் வரும் என்பதை அட்டையின் நார் ஓடும் திசை தீர்மானிக்கும். நார் மேலிருந்து கீழாக ஓடினால் பக்க ஓரங்கள் மட்டும் சற்று முன்னே வரும், மடல் நிமிர்ந்தே நிற்கும். நார் குறுக்காக ஓடினால் மேல் விளிம்பே முன்னால் கவிழ்ந்துவிடும். மொத்தமாக மடல் வாங்கும் கடைக்காரர் ஒருவர் இதை எளிதாகச் சோதிக்கலாம். மடலை இரு கைகளாலும் பிடித்து, பக்க ஓரங்களை ஒன்றையொன்று நோக்கி மெல்ல வளைத்துப் பாருங்கள்; பிறகு மேல் ஓரத்தையும் கீழ் ஓரத்தையும் அதேபோல வளைத்துப் பாருங்கள். முதல் வளைவு இலகுவாகவும் இரண்டாவது விறைப்பாகவும் இருந்தால், நார் நெடுக்காக ஓடுகிறது. அந்த மடல் மாரியில் நிற்கும். தாங்கியின் பக்கத்திலிருந்து செய்யக்கூடியது, பின்பலகையை மடலின் முக்கால் உயரத்துக்காவது கொண்டுபோவதும், பின்பலகைக்கும் சுவருக்கும் இடையே நாலு விரல் இடைவெளி விடுவதும் ஆகும். சுவரிலிருந்து ஈரம் நேரே மடலுக்கு ஏறுவதை அந்த இடைவெளி தடுக்கும்.

ஈரத்தின் இன்னொரு தொல்லை உறையின் பசை. நக்கி ஒட்டும் வகைப் பசை வாடைக் காற்றிலேயே தானாக ஒட்டிக்கொள்ளும். வாங்கிச் சென்றவர் வீட்டில் கிழித்துத்தான் திறக்க வேண்டும். உறையின் மூடிக்கும் உடலுக்கும் இடையில் ஒரு மெழுகுத்தாள் துண்டை வைத்தால் போதும். இது தாங்கியின் வேலை அல்ல என்றாலும், தாங்கியைக் கொடுக்கும்போது இதையும் சொல்லிவிட்டே வருவேன்.

எந்தப் பொருளால் செய்வது என்பதில் ஒவ்வொருவருக்கும் ஒரு கருத்து உண்டு. முழுவதும் அக்ரிலிக்கால் செய்வது பார்வைக்கு அழகானது. சூடேறிய கம்பியின் மேல் கோடாக வைத்து, சுமார் 150 பாகை செல்சியஸ் சூட்டில் மென்மையானதும் வளைத்துவிடலாம். ஆனால் வளைத்த இடத்தில் உள்ளே ஓர் இறுக்கம் தங்கியிருக்கும். கடையில் யாராவது ஸ்பிரிற்றாலோ தின்னராலோ துடைத்தால், அந்த வளைவில் மயிரிழை போன்ற வெடிப்புகள் பரவும். சில மாதங்களில் தட்டு அங்கேயே முறியும். காய்ந்த துணியால் துடைத்தால் மின்னேற்றம் பெற்று முன்னிலும் அதிகமாகப் புழுதியை இழுக்கும். சவர்க்காரத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த பருத்தித் துணியே அதற்கு ஏற்றது. விலையும் ஒரு பிரச்சினை. 2022இல் டொலரின் விலை ஏறத்தாழ இருநூறு ரூபாயிலிருந்து முந்நூற்றறுபதைத் தாண்டியபோது, இறக்குமதித் தகடுகளை நம்பித் தொழில் செய்தவர்கள் தடுமாறிப் போனோம். அந்த ஆண்டு தாள் தட்டுப்பாட்டால் பள்ளிப் பரீட்சைகளே தள்ளிப்போயின; மடலும் இல்லை, மடலை நிறுத்தத் தகடும் இல்லை. விளிம்புப் பட்டிக்கு மட்டும் அக்ரிலிக்கை வைத்துக்கொண்டு மற்றதெல்லாம் இங்கே கிடைப்பதிலிருந்து செய்வது என்ற என் வழக்கம் அந்தக் காலத்தில்தான் உறுதிப்பட்டது.

கம்பித் தாங்கி மலிவானது, வெல்டிங் பட்டறை எந்தச் சந்தியிலும் உண்டு. ஆனால் ஒட்டிய புள்ளிகளில்தான் முதலில் துரு பிடிக்கும். அந்தத் துரு உறையின் கீழ் ஓரத்தில் மண்ணிறக் கோடாக இறங்கும். நாகம் (துத்தநாகம்) பூசிய கம்பி துருப்பிடிக்காது என்று சொல்வார்கள். ஒட்டும் சூட்டில் அந்தப் பூச்சு எரிந்துபோவதால் அதே புள்ளிகள் மீண்டும் வெறும் இரும்பாகின்றன, எரியும்போது எழும் வெண்புகை ஒட்டுபவருக்குக் காய்ச்சலையும் தரும். ஒட்டி முடித்து, அரம் போட்டு, செவ்வண்ணத் துருக்காப்புப் பூசி, அதன்மேல் எனாமல் அடித்து, அது முற்றாக இறுகும்வரை காத்திருந்துதான் மடல் அடுக்க வேண்டும். மழை நாளில் அந்தக் காத்திருப்பு நீளும். இறுகாத எனாமலில் பொலித்தீன் உறை ஒட்டிக்கொண்டால் உரித்தெடுக்க முடியாது.

மரநாரை அழுத்திச் செய்யும் எம்டிஎஃப் பலகையை நிலத்தில் நிற்கும் எதற்கும் நான் பயன்படுத்துவதில்லை. கடை கழுவும் தண்ணீர் ஒரு முறை பட்டால் கால் வீங்கிப் பொரிந்துவிடும். மரம் என்றால் வன்னியில் பாலையும் முதிரையும் நினைவுக்கு வரும். இரண்டும் இதற்கு அளவுக்கு மீறிய பாரம், அத்தோடு ஏற்றிச் செல்ல அனுமதிப் பத்திரமும் வேண்டும். தளபாடப் பட்டறைகளில் மிஞ்சும் தேக்குத் துண்டுகள் சட்டத்துக்கு மிகப் பொருத்தமானவை. கூரைக்குப் போடும் பனைமரச் சட்டமான பனஞ்சிலாகையும் எனக்குப் பிடித்தமானது. கூரை மாற்றும் வீடுகளில் கழற்றிய பழைய சிலாகையைச் சீவினால், கறுப்பும் பழுப்புமாக ஓடும் அதன் நார்க்கோடுகள் எந்த வண்ணப் பூச்சுக்கும் ஈடாகாதவை. ஆனால் அதைத் தொட்டு வேலை செய்தவருக்குத்தான் அதன் பிடிவாதம் தெரியும். துளை போடாமல் ஆணி அடித்தால் நெடுகப் பிளக்கும்; ஓரத்தில் ஒரு நார் எழும்பி நின்றால் உள்ளங்கையில் ஏறும், உறையையும் கிழிக்கும். ஓரங்களை உருட்டி, அரத்தாளால் தேய்த்து, வார்னிஷ் பூசி, காய்ந்தபின் எழும்பும் நாரை மறுபடி தேய்த்து, மறுபடியும் பூச வேண்டும். எந்த மரமானாலும் கால்கள் மட்டும் இரும்பாக இருக்கட்டும். மரக்கால் நிலத்தில் நின்றால் கறையான் ஒரு மாரிக்குள் தட்டுவரை ஏறிவிடும், மடலும் அதற்குத் தாளே.

வெயிலையும் கணக்கில் எடுக்க வேண்டும். வன்னியினூடாகப் போகும் ஏ9 வீதி பெரும்பாலும் வடக்குத் தெற்காக ஓடுவதால், அதன் ஓரக் கடைகள் கிழக்கையோ மேற்கையோ பார்த்திருக்கின்றன. காலையோ மாலையோ ஒரு நேரம் வெயில் நேராக உள்ளே விழும். அச்சு மையில் மஞ்சளும் இளஞ்சிவப்பும் முதலில் வெளிறும். மிஞ்சுவது நீலம் பாய்ந்த ஒரு படம். வெயில் விழும் கோட்டைக் கடையின் நிலத்தில் சோக்கால் குறித்துக்கொண்டு, அதற்கு உள்ளேதான் தாங்கிக்கு இடம் தேட வேண்டும்.

சுழலும் தாங்கியைச் சிலர் விரும்பிக் கேட்பார்கள். 20 மில்லிமீற்றர் தண்டுக்குப் பொருந்தும் 6204 என்ற அளவெண் கொண்ட பேரிங்குகள் எல்லா உதிரிப்பாகக் கடைகளிலும் கிடைப்பதால் செய்வது கடினமன்று. ஆனால் நாற்பது சென்ரிமீற்றர் சதுரத் தாங்கி சுழல 57 சென்ரிமீற்றர் விட்டமுள்ள வெளி வேண்டும். பயிற்சிக் கொப்பிகளும் தண்ணீர்ப் போத்தல்களும் நெருக்கி நிற்கும் கடைகளில் அந்த வெளி கிடையாது.

நிமிர்ந்து நிற்கும் எந்தத் தாங்கிக்கும் அடிப்பாகத்தின் அகலமே உயிர். 160 சென்ரிமீற்றர் உயரத் தாங்கியின் பாரமையம் 80 சென்ரிமீற்றரில் இருந்து, அடி 50 சென்ரிமீற்றர் அகலமாக இருந்தால், ஏறத்தாழ 17 பாகை சரித்தால்தான் அது கவிழும். அடியை முப்பதாகக் குறைத்தால் பதினொரு பாகைக்குள்ளேயே கவிழ்ந்துவிடும். ஒரு மடல் உறையோடு பதினான்கு கிராம் அளவு. மேல் வரிசைகள் நிறைந்து கீழ் வரிசைகள் விற்றுப்போன நாளில் பாரமையம் இன்னும் மேலே ஏறும். பள்ளி விட்ட நேரத்தில் பிள்ளைகள் விளிம்பைப் பிடித்து எட்டிப் பார்க்கும் இடம் அது என்பதால், அடியில் சீமெந்து வார்த்துப் பாரம் ஏற்றாமல் எந்தத் தாங்கியையும் நான் கொடுப்பதில்லை.

இவ்வளவையும் சேர்த்துப் பார்த்து, எங்கள் கடைகளுக்கு ஏற்றது என்று நான் வந்து சேர்ந்த வடிவம் இரு கதவுத் தாங்கி. அறுபது சென்ரிமீற்றர் அகலமும் ஒரு மீற்றர் உயரமும் கொண்ட இரண்டு தேக்குச் சட்டங்கள், ஒவ்வொன்றும் 75 மில்லிமீற்றர் ஆழம், நடுவில் மூன்று பிணைச்சல்கள், அறுபது சென்ரிமீற்றர் இரும்புக் கால்கள். பகலில் விரித்து வைத்தால், இரண்டு சட்டங்களும் ஒன்றுக்கொன்று கோணத்தில் நிற்பதால் அடிப்பாகம் தானாகவே அகன்றுவிடும். இரவில், அல்லது புழுதிக் காற்று எழும்பும் பிற்பகலில், மடல்களை இறக்காமலே இரண்டையும் முகத்தோடு முகம் மூடிவிடலாம். 25 மில்லிமீற்றர் தட்டும் 42 மில்லிமீற்றர் சாய்வும் 75க்குள் அடங்குவதால் விளிம்புகள் ஒன்றையொன்று முட்டா. முழு முகமும் தெரியும்படி தட்டுப் போட்டு ஐம்பது வகை, வகைக்குப் பன்னிரண்டு மடல் என்று நிறைத்தாலும் மடல்களின் பாரம் எட்டரைக் கிலோவுக்கு உட்பட்டதே. ஒருவரே மூடித் தள்ளலாம்.

மாங்குளத்தில் ஒரு கடைக்கு இதைக் கொண்டுபோனபோது, கடை நடத்தும் அக்கா மேல் வரிசையை நிமிர்ந்து பார்த்துவிட்டு, "தம்பி, எனக்கே அண்ணாந்து பார்க்கவேண்டிக் கிடக்கு, பள்ளிக்கூடப் பிள்ளையளுக்கு எப்பிடித் தெரியும்?" என்றார். "பிள்ளையளின்ரை மடலைக் கீழ் வரிசையில வையுங்கோ அக்கா, கலியாண மடல் மேல நிக்கட்டும்" என்றேன். அவர் சற்று யோசித்து, "அப்ப கீழ் வரிசைக்கு மட்டும் விளிம்பை இன்னும் கொஞ்சம் உயர்த்தித் தாங்கோ, சின்னனுகள் உருவிக் கீழ விழுத்திப்போடுங்கள்" என்றார். அது மிகச் சரியான யோசனை. அன்றிலிருந்து அடிவரிசைக்கு 45 மில்லிமீற்றர் விளிம்பு வைக்கிறேன். ஆசிரியர் தின மடல்களில் எழுத்து மேலே இருப்பதால் எதுவும் மறைவதுமில்லை.

தலைப்புப் பட்டிகளை ஒட்டியே கொடுப்பவர்கள் உண்டு. அது கூடாது என்பது என் உறுதியான எண்ணம். நத்தார், புதுவருடம், தைப்பொங்கல் மூன்றும் மூன்று வாரங்களுக்குள் அடுத்தடுத்து வந்துபோகும். சித்திரையில் வருடப்பிறப்பு, வைகாசியில் வவுனியாப் பக்கம் வெசாக் மடல்கள், ஒக்ரோபர் 6இல் ஆசிரியர் தினம், பிறகு தீபாவளி. பிறந்தநாளும் திருமணமும் பூப்புனித நீராட்டு விழாவும் மட்டுமே ஆண்டு முழுவதும் நிற்பவை. ஆகவே ஒவ்வொரு வரிசையின் முன்னும் ஒரு தவாளிப்பு விட்டு, தலைப்பு எழுதிய அட்டையைப் பக்கத்திலிருந்து தள்ளிச் செருகும்படி செய்கிறேன். மூன்று மீற்றர் தூரத்திலிருந்து வசதியாக வாசிக்க எழுத்து 25 மில்லிமீற்றர் உயரம் இருக்க வேண்டும். மேலே விசிறியும் கீழே சுழியும் ஏறி இறங்கும் தமிழ் எழுத்துக்கு அந்த அளவில் 40 மில்லிமீற்றர் பட்டி தேவை. இந்தப் பட்டிக்கும் இடம் விட்டு முழு முகத்தோடு ஐந்து வரிசை அமைத்தால் சட்டம் ஒரு மீற்றரைத் தாண்டும். எல்லா வரிசைக்கும் பட்டி வேண்டும் என்பவர்களுக்கு நாலு வரிசையும், மேலும் கீழும் மட்டும் போதும் என்பவர்களுக்கு ஐந்து வரிசையுமாகச் செய்து கொடுக்கிறேன்.

பாட்டுப் பாடும் மடல்களுக்கான தட்டு மட்டும் இன்னும் எனக்குத் திருப்தி தரவில்லை. அவை ஒவ்வொன்றும் ஐந்தாறு மில்லிமீற்றர் தடிப்பு. 25 மில்லிமீற்றர் தட்டில் நாலு நின்றாலே நெருக்கம், எடுத்துச் செருகும்போது வாய் திறந்து பாடத் தொடங்கிவிடும், மின்கலமும் அதற்குள் தீர்ந்துபோகும். கீழே நான்கு இடங்களை மட்டும் 40 மில்லிமீற்றர் ஆழத்துக்குக் கூட்டி, மடலின் திறக்கும் பக்கம் தடுப்போடு அணைந்து நிற்கும்படி ஒரு மாதிரி இப்போது செய்துகொண்டிருக்கிறேன். தாங்கி கேட்டு வருபவர்கள், கடையிலுள்ள மிகப் பெரிய உறை ஒன்றும் மிகச் சிறிய உறை ஒன்றும், பாடும் மடல் இருந்தால் அதில் ஒன்றும் கொண்டு வாருங்கள். கடை முகப்பைப் பிற்பகல் நாலு மணிக்கும் காலை எட்டு மணிக்கும் கைபேசியில் படமெடுத்து வந்தால், அளவு எடுக்கும் வேலை அன்றே முடிந்துவிடும்.